கடைகளைக் கடந்துதான் வீடு

ஹாங்காங்கின் சிங் யீ நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கி டிக்கெட் தடுப்பைத் தாண்டினால், கால் நேராக ஒரு வணிக வளாகத்துக்குள் போகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்பது அந்த வளாகத்தின் தலைக்கு மேலேதான். அங்கே வசிப்பவர் தெருவையே மிதிக்காமல் வேலைக்குப் போய்த் திரும்பலாம். வெயில் படாது, மழை நனைக்காது. காலையிலும் மாலையிலும் கடைக் கண்ணாடிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அமைப்புக்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. 1975-ல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட மெட்ரோ ரயில் நிறுவனம் எம்.டி.ஆர்., 1979 அக்டோபரில் குவுன் டோங்குக்கும் ஷெக் கிப் மெய்க்கும் இடையே முதல் ரயிலை ஓட்டியது. சுரங்கம் தோண்டிய செலவை டிக்கெட் காசில் மட்டும் மீட்க முடியாது. அதனால் கவுலூன் பே பணிமனைக்கு மேலே தளம் போட்டு, டெல்ஃபோர்டு கார்டன்ஸ் என்ற பெயரில் 41 கட்டடங்களில் ஏறக்குறைய 5,000 வீடுகளையும், ஒட்டியே ஒரு வணிக வளாகத்தையும் எழுப்பினார்கள்.

பின்னால் வந்த பாதைகளில் இந்த ஏற்பாடு முறையாகவே வேரூன்றிவிட்டது. ரயில் வருவதற்கு முன் நிலம் என்ன விலை பெறுமோ, அந்த விலையில் அரசுக்குச் சேர வேண்டிய தொகை கணக்கிடப்படுகிறது. ரயில் வந்தபின் அதே நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. கட்டும் செலவைத் தனியார் நிறுவனம் ஏற்கிறது. வீடு விற்ற லாபத்தில் எம்.டி.ஆருக்குப் பங்கு உண்டு. வணிக வளாகமோ பல இடங்களில் எம்.டி.ஆரின் சொத்தாகவே தங்கிவிடுகிறது. வீட்டை ஒருமுறைதான் விற்கலாம், கடை வாடகை மாதம் தவறாமல் வரும். 2000-ல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகும் நிறுவனத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு அரசிடமே இருக்கிறது.

இதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பல நகரங்களில் மெட்ரோ ஓட ஆண்டுதோறும் அரசு கஜானாவிலிருந்து பணம் இறைக்க வேண்டியிருக்கிறது. ஹாங்காங்கில் அந்தச் சுமை இல்லை. ரயிலும் நேரத்துக்கு வருகிறது. ஆனால் நிலையத்தைக் கட்டியவரே கடைக்கும் சொந்தக்காரர் ஆகும்போது, பயணி எந்த வழியாக வெளியேறுகிறார் என்பதும் வருமானக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அன்றாட வாழ்க்கையில் இதைக் கவனிக்க ஆக்டோபஸ் அட்டையைப் பார்த்தால் போதும். 1997 செப்டம்பரில் ரயிலுக்கும் பேருந்துக்குமாக வந்த அட்டை இது. பிறகு பலசரக்குக் கடை, சூப்பர் மார்க்கெட், துரித உணவகம், வண்டி நிறுத்துமிடம் என்று எங்கும் செல்லுபடியானது. சில்லறை தேட வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. ரயிலுக்கு என்று ஏற்றிவைத்த பணம் வழியிலேயே ரொட்டிக்கும் தேநீருக்கும் கரைகிறது. சில நிலையங்களுக்குச் சற்றுத் தள்ளி, வணிக வளாகங்களிலும் நடைபாலங்களிலும் கட்டணச் சலுகை இயந்திரங்கள் இருக்கின்றன. அங்கே அட்டையைத் தட்டிவிட்டு, குறிப்பிட்ட நிலையத்தில் அன்றே ஏறினால் டிக்கெட்டில் ஒன்றிரண்டு டாலர் குறையும். அந்தச் சிறு தொகைக்காக மக்கள் நடக்கும் வழியே மாறுகிறது.

தட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு தடயம் விழுகிறது. ஆக்டோபஸின் பரிசுத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஏறக்குறைய 20 லட்சம் பேரின் தனிப்பட்ட விவரங்கள் வணிக நிறுவனங்களுக்குக் கைமாறியதும், அதற்காக 4.4 கோடி ஹாங்காங் டாலர் பெறப்பட்டதும் 2010-ல் வெளியே வந்தது. நகரமே கொதித்தது. கேட்டால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதால்தான் அந்தக் கோபம்.

மீண்டும் கடைகளுக்கு வருவோம். வாடகையை நம்பி நிற்கும் வளாகம், வாடகை கொடுக்கக்கூடிய கடையைத்தான் உள்ளே விடும். அதனால் எந்த நிலையத்தில் இறங்கினாலும் அதே சங்கிலிக் கடைகள், அதே பெயர்ப்பலகைகள். இதற்கு நேர்மாறான இடம் சிம் ஷா சூய் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது: நாதன் சாலையின் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-ல் எழுந்த அந்தக் கட்டடத்துக்கு ஒரே முதலாளி கிடையாது, பலருக்குத் துண்டுதுண்டாகச் சொந்தம். வாடகை குறைவு என்பதால் ஆப்பிரிக்க வணிகர்களும், பாகிஸ்தானியர்களும், சென்னையிலிருந்து வந்துபோகும் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும் அங்கே பிழைக்க முடிந்தது. யார் கடை போடலாம் என்பதைச் சொத்துரிமை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

பொருள் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. எதையும் வாங்காமல் ஒரு மனிதர் நகரத்தில் எங்கே உட்காரலாம் என்பதுதான் என் கவலை. கவுலூன் நிலையத்தின்மேல் எலிமென்ட்ஸ் வளாகமும், 484 மீட்டர் உயரக் கோபுரமும், குடியிருப்புகளும் உண்டு, சுற்றிலும் நெடுஞ்சாலைகள். தெருவில் இறங்கி நடக்க நினைப்பவருக்கு அங்கே வழியைக் கண்டுபிடிப்பதே பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் பகுதியின் நடைபாலங்களிலும் நடைபாதைகளிலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் அட்டைப் பெட்டியை விரித்து அமர்ந்திருப்பார்கள். வீட்டு வேலை செய்பவர்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். வார விடுமுறையில் போய் இருக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. பக்கத்திலேயே ஐ.எஃப்.சி. வளாகம் குளிரூட்டப்பட்டு நிற்கிறது. 2019-ல் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டக் காலத்தில் மக்கள் திரண்டு பாடியதும் இத்தகைய வளாகங்களின் நடு முற்றங்களில்தான். கூடி நிற்க அவர்களுக்குப் பழகிய இடம் அதுவாகிவிட்டிருந்தது.

இதை மாற்றவே முடியாது என்றில்லை. காஸ்வே பே நிலையத்திலிருந்து நேரே போகக்கூடிய டைம்ஸ் ஸ்கொயர் வளாகம் தனியாருடையது, எம்.டி.ஆருடையது அல்ல. கூடுதல் பரப்பில் கட்டிக்கொள்ளக் கிடைத்த அனுமதிக்கு ஈடாக, அதன் தரைத்தள முற்றம் பொதுமக்களுக்கு என எழுதித் தரப்பட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தவர்களைக் காவலாளிகள் எழுப்பி அனுப்பிவந்த விஷயம் 2008-ல் செய்தியானது. அதன் பிறகு மக்கள் வந்து உட்கார்ந்தார்கள், கலைஞர்கள் நிகழ்ச்சி நடத்தினார்கள், அரசு உரிமையாளர்மீது வழக்குத் தொடுத்தது. தனியார் வளாகங்களுக்குள் பொதுமக்களுக்கு உரிய இடங்கள் எவை என்ற பட்டியலையும் அதே ஆண்டில் அரசு வெளியிட்டது. காவலாளி எழுந்து போகச் சொன்னால், எடுத்துக் காட்ட இப்போது ஒரு காகிதம் இருக்கிறது.