பல பிரிவு மென்பொருளும் பனியன் கம்பெனிக் குடோனும்

நூல் கொள்முதலில் தொடங்கி நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என நீளும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில், ஒரே ஆர்டர் பல நிறுவனங்களின் கைமாறிச் செல்வதால், அதைக் கணக்கில் நிறுத்தும் மென்பொருளும் பல பிரிவுகளாக, தொழில்வழக்கில் மாட்யூல்களாக, விரிந்துவிடுகிறது. கொள்முதல், இருப்பு, ஜாப் ஒர்க், சம்பளம், ஏற்றுமதி ஆவணம் என ஒவ்வொரு பிரிவும் தனக்கான பதிவுத் திரைகளையும் அறிக்கைகளையும் கொண்டுவர, அவற்றுள் வேண்டியதை எடுத்துத் தரும் பொறுப்பு மெனு எனப்படும் தெரிவுப் பட்டியலின் தலையில் விழுகிறது.

இத்தகைய பட்டியலை அகலமாக விரிப்பதா, அடுக்கடுக்காக ஆழப்படுத்துவதா என்பதே வடிவமைப்பாளரின் முதல் கேள்வி. 1981இல் டி. பி. மில்லர் 64 உருப்படிகளை நான்கு விதமாக அடுக்கிச் சோதித்தபோது, எட்டெட்டாக இரண்டு அடுக்கில் வைத்த பட்டியலே சிறந்து நின்றது. இரண்டிரண்டாக ஆறு அடுக்கில் புதைத்தது பின்தங்கியது. ஒரு பட்டியலில் ஏழு உருப்படிக்கு மேல் கூடாது என்று பலர் இன்றும் சொல்வது, 1956இல் ஜார்ஜ் மில்லர் குறுகியகால நினைவாற்றல் பற்றி எழுதிய கட்டுரையைத் தவறாகப் பொருத்துவதாகும். கண்முன் தெரியும் பட்டியலை யாரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை.

அடுக்குகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது, அவை யாருடைய வேலையைப் பின்பற்றுகின்றன என்பது. சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பி வரும்போது, குடோன் பொறுப்பாளர் ரோல்களை எடைபோட்டு, அனுப்பிய டெலிவரி சலானோடு ஒப்பிட்டு, எடைக்குறைவைக் குறித்து, அந்தத் துணியைக் கட்டிங்குக்கு ஒதுக்க வேண்டும். அவருக்கு இது ஒரே வேலை. ஆனால் தரவு எப்படிச் சேமிக்கப்படுகிறதோ அப்படியே மெனுவை அமைத்த மென்பொருளில், வரவு ஒரு பிரிவிலும் சலான் இன்னொன்றிலும் ஒதுக்கீடு மூன்றாவதிலும் கிடக்க, டெம்போ வாசலில் காத்திருக்கிறது. சாயமிடுதல் போன்ற ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கொடுத்துச் செய்விக்கும் வேலைக்கு, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் பொதுவிதி என்பதால், போனதையும் வந்ததையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டுவது இங்கே சலுகை அன்று, அடிப்படைத் தேவை.

கொங்கு வட்டாரக் கணக்கர்களுக்கு நன்கு பழகிய டேலி என்னும் கணக்கு மென்பொருள், பெங்களூருவில் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. கேட்வே ஆஃப் டேலி என்னும் ஒரே முதற்பட்டியலும், ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்னும் விசைகளும் அதன் பலம். 2020இல் வந்த டேலி பிரைம், ஆல்ட்டையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தித் தேடி எந்த அறிக்கைக்கும் நேரே தாவும் வசதியைச் சேர்த்தது. பட்டியல் புதியவருக்கு வழிகாட்ட, விசையும் தேடலும் பழகியவரை விரைவுபடுத்துவது மிகச் சரியான ஏற்பாடு. இதற்கு நேர்மாறாக, அதிகம் பயன்படாத கட்டளைகளைத் தானே மறைத்துக்கொள்ளும் மெனுவை மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் 2000இல் புகுத்தியது. இருந்த பொருள் இருந்த இடத்தில் இல்லாமற்போவது கைப்பழக்கத்தையே குலைக்கும் என்பதால், பயன்பாட்டைக் கணித்துப் பட்டியலை மாற்றும் உத்தியை இத்தொழிலுக்குப் பரிந்துரைக்க இயலாது.

ஆகவே புதிய மென்பொருள் வாங்க முனையும் நிறுவனத்தார், செயல்விளக்கத்தின்போது கணக்கரை மட்டும் அமர்த்தாமல், குடோன் பொறுப்பாளரிடமே விசைப்பலகையைக் கொடுத்து, ஒரு சாயத்துணி வரவை முழுமையாகப் பதியச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொடுத்து, அவை திருத்தப்பட்ட பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.