எலெக்ட்ரான்கள் எங்கே போயின?

1994 ஜனவரி 20 அன்று அனிக் ஈ1 என்ற கனடாவின் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் திடீரென்று நிலைதடுமாறிச் சுழல ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் அதன் ஜோடி அனிக் ஈ2வும் அப்படியே ஆனது. முதலாவதைச் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். இரண்டாவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் பட்டைகளில் பெருகிக் கிடந்த அதிவேக எலெக்ட்ரான்கள் கருவிகளுக்குள் புகுந்து மின்னூட்டத்தைச் சேர்த்துவிட்டன என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் காரணம்.

இந்த எலெக்ட்ரான்கள் பெருகுவது மட்டுமில்லை, சில சமயம் சில மணி நேரத்திலேயே காணாமலும் போகும். எங்கே போகின்றன? இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். வழி இரண்டு. வெளிப்பக்கமாக விண்வெளிக்குத் தப்பலாம். இல்லையென்றால் கீழே நம் வளிமண்டலத்தில் கொட்டலாம். எந்த வழியில் எவ்வளவு என்று தெரியாமல் பட்டையின் வரவு செலவுக் கணக்கு முடியாது. செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து எத்தனை நாள் நீடிக்கும் என்று கணிக்கவும் முடியாது.

சரி, ஏன் கொட்டுகின்றன? எலெக்ட்ரான் ஒரு காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுருள் சுருளாகப் போகிறது. துருவத்தை நெருங்க நெருங்கப் புலம் வலுவாவதால் ஓரிடத்தில் திரும்பிவிடும். இப்படியே வடக்கும் தெற்குமாக ஊசலாடும். திரும்பும் இடம் காற்றுக்கு மேலே இருக்கும்வரை பிழைத்தது. நடுவழியில் ஒரு பிளாஸ்மா அலை அதன் பாதையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் போதும், திரும்பும் இடம் காற்றுக்குள் இறங்கிவிடும். அங்கே மூலக்கூறுகளில் மோதினால் கதை முடிந்தது. இப்படி விழுபவை அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. ஓசோனை அழிப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.

இந்த மழையை அளப்பதுதான் கஷ்டம். தாழ்வான வட்டப்பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எண்ணிக்கை சட்டென்று குறைந்தால், மழை நின்றதா, இல்லை நாம்தான் அந்த இடத்தைத் தாண்டிவிட்டோமா? அதற்குத் தெரியாது.

பலூன் மெதுவாக மிதக்கும். ஆனால் அது மிதக்கும் முப்பது சொச்சம் கிலோமீட்டர் உயரத்துக்கு எலெக்ட்ரான்கள் வந்து சேராது, மேலேயே நின்றுவிடும். நிற்கும்போது எக்ஸ் கதிர்களை விடும்; அவற்றில் ஒரு பகுதி பலூன்வரை இறங்கும். 1996 ஆகஸ்டில் ஸ்வீடனின் கிருணாவிலிருந்து பறந்த ஒரு பலூன் அப்படியொரு எக்ஸ் கதிர் வெடிப்பைப் பிடித்தது.

பிறகு வந்தது பேரல் திட்டம். டார்ட்மவுத் கல்லூரியின் ராபின் மில்லன் தலைமையில், 2013, 2014 ஆண்டுகளின் தென்கோளக் கோடையில், அண்டார்க்டிகாவிலிருந்து பருவத்துக்கு 20 பலூன்கள் வரை ஏவினார்கள். ஏன் அண்டார்க்டிகா? வெளிப்பட்டையின் காந்தக்கோடுகள் அங்கேதான் தரையிறங்குகின்றன. கோடைக் காற்றும் பலூன்களைத் துருவத்தைச் சுற்றியே கொண்டுபோகும்.

அதே சமயத்தில் 2012இல் ஏவப்பட்ட இரண்டு வான் ஆலன் விண்கலங்கள் பட்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. 2014 ஜனவரியில் அவை அளந்த ‘ஹிஸ்’ என்ற அலையும் (ஒலியாக மாற்றினால் ‘உஸ்ஸ்’ என்று கேட்கும்) கீழே பலூன்கள் கண்ட எக்ஸ் கதிர்களும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. அலை தள்ளுவதை மேலேயும், எலெக்ட்ரான் விழுவதை கீழேயும் ஒரே நேரத்தில் பார்த்தாயிற்று. 2015இல் இது நேச்சர் இதழில் வெளியானது.

அப்படியானால் எல்லாம் கீழேதான் விழுகிறதா? இல்லை. 2011 ஜனவரியில் வந்த ஒரு காந்தப்புயலை ஆராய்ந்தவர்கள், அப்போது காணாமல் போனவற்றில் பெரும்பகுதி வெளிப்பக்கமாகத்தான் தப்பியது என்று கண்டார்கள். எனவே ஒவ்வொரு புயலுக்கும் தனிக்கணக்கு போட வேண்டியிருக்கிறது. அதற்கு மேலேயும் ஒரு கண் வேண்டும், கீழேயும் ஒரு கண் வேண்டும்.