பாலுவும் நீலுவும் எங்கே போனார்கள்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலைப் பக்கத்தில் ஒரு சீரியல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனால் முதல் திட்டு கேபிள்காரருக்குத்தான் விழும். நடிகர்கள் கொச்சியில் இருக்கிறார்கள், சேனல் அதிகாரிகள் சென்னையிலோ மும்பையிலோ. மாதாமாதம் வாசலில் வந்து நின்று காசு வாங்குகிற முகம் இவர் ஒருவருடையதுதானே! "நம்ம பரிபாடி வரல்லியே, பெட்டியில எதும் கேடாயிருக்குமோ?" என்று கேட்பார்கள். "பெட்டிக்கு ஒண்ணுமில்ல மாமி, அவனுவதான் நிறுத்திப்போட்டானுவ" என்பார். எதற்கு நிறுத்தினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அவருக்கு எப்படித் தெரியும்?

2021 ஜனவரியில் இந்தக் கேள்வி கேரளம் முழுக்கக் கேட்டது. ஃபிளவர்ஸ் சேனலின் 'உப்பும் முளகும்' அந்த மாதம் நின்றது. 2015 டிசம்பர் 14 அன்று தொடங்கி, 1,200 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய தொடர். கதையை முடித்து, சுபம் போட்டு, வணக்கம் சொல்லிப் போகவில்லை. நேற்று வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இன்று வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம் தேவைப்படலாம். பாலு பொறுப்பில்லாத அப்பா, நீலு கெட்டிக்கார அம்மா. பிள்ளைகள் ஐந்து: முடியன், லச்சு, கேசு, சிவானி, கடைக்குட்டி பாறுக்குட்டி. மாமியார் கொடுமை கிடையாது. விஷம் கலந்த பால் கிடையாது. ஒரே முகத்தை மூன்று தரம் நெருக்கிக் காட்டி இடி இடிப்பதும் கிடையாது. காசு தட்டுப்பாடு, பிள்ளைகளின் வம்பு, மச்சான் வந்து தங்கிவிட்ட எரிச்சல் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன விஷயம். பாலுவாக வந்த பிஜு சோபானத்தின் பெயரிலேயே அவருடைய பள்ளிக்கூடம் இருக்கிறது. காவாலம் நாராயணப் பணிக்கரின் 'சோபானம்' நாடகக் குழுவில் பழகியவர். சமஸ்கிருத நாடகங்களை மேடையேற்றிப் பேர் வாங்கிய குழு அது. அங்கே பயின்ற உடம்பு, கைலி கட்டிக்கொண்டு திண்ணையில் சோம்பிக் கிடப்பதற்கும் எவ்வளவு உதவுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நீலுவாக நிஷா சாரங். 2018 ஜூலையில் அவர் அப்போதைய இயக்குநர் மீது வெளிப்படையாகப் புகார் சொன்னபோது, நீலு இல்லாத வீட்டை நாங்கள் பார்க்க மாட்டோம் என்று பார்வையாளர்கள் திரண்டு நின்றார்கள். நீலு தொடர்ந்தாள்.

எல்லைக் கிராமங்களுக்கு இந்த வீடு பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலுவும் அவர் வீட்டாரும் பேசுவது தெற்கத்தி மலையாளம். மலையாள சினிமா நெடுங்காலம் அந்தப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டுமே வைத்திருந்தது. 2005இல் 'ராஜமாணிக்யம்' படத்தில் மம்மூட்டி அதைப் பேசிக் கைதட்டல் வாங்கினார் என்றாலும், அங்கேயும் அது வேடிக்கைதான். 'உப்பும் முளகும்' வீட்டில் அந்தப் பேச்சிலேயே குழந்தைக்குச் சோறு ஊட்டினார்கள், கடன் கேட்டார்கள், அழுதார்கள். நெய்யாற்றின்கரைக்காரருக்கு அது பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி இருந்தது. தமிழ் பேசுகிற பாறசாலைக்காரருக்கும் அப்படியே, ஏனென்றால் அவருடைய தமிழும் அந்த மலையாளமும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நெடுஞ்சாலை போகிறது. கிழக்கே காரக்கோணம், குன்னத்துக்கால், வெள்ளறடை, பனச்சமூடு. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கச் சொன்ன வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் நான்கும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அங்கேயே தங்கியது. அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்யாண சம்பந்தம் மார்த்தாண்டத்தில், ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில் என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டாயின. 1993இல் சில மாத இடைவெளியில் பிறந்த சன் டி.வி.யும் ஏசியாநெட்டும் இவர்கள் வீட்டுக்குள் ஒன்றாகவே வளர்ந்தன. 'மெட்டி ஒலி'க்கு அழுத அதே கண்தான் பாலுவுக்குச் சிரித்தது.

பாறசாலையில் என் மாமி ஒருத்தி இருக்கிறாள். 'உப்பும் முளகும்' நின்ற பிறகு அவளுக்குக் கதை என்ன ஆயிற்று என்ற கவலையே இல்லை. கதை என்று ஒன்று இருந்தால்தானே! "பாறுக்குட்டி பிறந்து தவழ்ந்து நடந்ததெல்லாம் கண்டேன், இப்ப அதுக்குப் பள்ளிக்கூடம் போற பிராயம்" என்பதுதான் அவள் புலம்பல். சின்னக் குழந்தையாகத் தொடருக்குள் வந்த பிள்ளை, அவள் கண்ணெதிரில் பேசக் கற்றுக்கொண்டது. மர்மத் தொடரை நிறுத்தினால் ஆவல் அறுந்துபோகிறது, கொஞ்ச நாளில் வேறொரு மர்மம் வந்து ஆற்றிவிடும். இப்படியொரு வீட்டை நிறுத்தினால் தினமும் வந்து உட்கார்ந்து போன ஆட்கள் வராமல்போகிறார்கள். இராத்திரி கஞ்சிக்கு அடுப்பு மூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும்கூட அந்த நேரத்தை வைத்துத்தான் நடந்திருந்தன.

உண்மையில் வீடு ஒரே நாளில் காலியாகவில்லை. 1,000ஆவது எபிசோடை ஒட்டி லச்சுவுக்குப் பெரிதாகக் கல்யாணம் செய்தார்கள். அதோடு லச்சுவாக நடித்த ஜூஹி ருஸ்தகி விலகினார். கல்யாணம் முடிந்த பெண் வீட்டுக்கு வரவே மாட்டாளா என்ற கேள்வியோடு 2020 பிறந்தது. பிறகு கொரோனா. நடுநடுவே மற்றவர்களும் காணாமல்போனார்கள், திரும்பினார்கள். நின்றதற்குக் கொரோனா காரணம் என்றார் ஒருவர், சம்பளத் தகராறு என்றார் இன்னொருவர், சேனலுக்கும் நடிகர்களுக்கும் பிணக்கு என்றார் மூன்றாமவர். தெளிவான ஒரு வரி கிடைக்காத இடத்தில் ஊர் ஆயிரம் வரி எழுதிக்கொள்ளும்.

2021 செப்டம்பரில் கேரள அரசின் தொலைக்காட்சி விருதுகளை அறிவித்தபோது, சிறந்த தொடர் என்று பரிசு கொடுக்கத் தரமான ஒன்றும் வரவில்லை என்றது நடுவர் குழு. பாலுவின் ரசிகர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல். நன்றாக இருந்ததை நிறுத்தினால் வேறு என்ன மிஞ்சும் என்று கேட்க ஒரு சாக்கு கிடைத்ததே.

இன்னொரு வகைக் கோபமும் உண்டு. அது சத்தம் போடும். மோகன்லால் தொகுத்து வழங்கிய மலையாள பிக் பாஸின் இரண்டாவது சீசனில் ரஜித் குமார் என்ற போட்டியாளர், சக போட்டியாளரின் கண்ணில் மிளகாய் தேய்த்ததற்காக வெளியேற்றப்பட்டார். 2020 மார்ச் 15 அன்று அவர் கொச்சி விமான நிலையத்தில் இறங்கியபோது, கூட்டம் கூடக் கூடாது என்ற கொரோனா எச்சரிக்கையை மீறி ரசிகர்கள் குவிந்தார்கள். 70க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது. அதே வாரத்தில், வெற்றியாளர் யார் என்று சொல்லாமலே நிகழ்ச்சியும் நின்றது. கண்ணில் மிளகாய் தேய்த்தவரை வரவேற்கத் தொற்றுக்காலத்தில் விமான நிலையம் போனவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த கவனம், சத்தம் போடாத பாறசாலை மாமிகளுக்குக் கிடைக்கவில்லை என்பதும் நிஜம்.

அடுத்த ஆண்டு நடந்தது எல்லைக்காரர்களுக்கென்றே எழுதியது போன்ற கூத்து. மலையாள பிக் பாஸ் வீடு அப்போது இருந்தது கேரளத்தில் அல்ல, பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஊரடங்கு. படப்பிடிப்புக் குழுவில் சிலருக்குத் தொற்று இருந்தும் வேலை நடக்கிறது என்று தெரிந்து, மே 19 அன்று அதிகாரிகள் போய் அரங்குக்குச் சீல் வைத்தார்கள். 95ஆவது நாளில் போட்டியாளர்கள் ஓட்டலுக்குப் போனார்கள். பார்வையாளர்களின் ஓட்டை வைத்து முடிவு செய்தார்கள், மணிக்குட்டன் வென்ற இறுதி நிகழ்ச்சி ஆகஸ்ட் 1 அன்றுதான் ஒளிபரப்பானது. அதற்கு முந்தைய ஊரடங்கில் இஞ்சிவிளையில் போலீஸ் நின்றதையும், களியக்காவிளைச் சந்தைக்குப் போக முடியாமல் தவித்ததையும் மறக்காதவர்களுக்கு இதில் ஒரு குரூரமான சிரிப்பு வந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அதிகாரி மலையாள டி.வி.யையும் பூட்டிவிட்டாரே!

நிறுத்தத்தில் நியாயமானதும் உண்டு. ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. ஏழைக் குடும்பங்களின் படுக்கையறைச் சண்டையை வெளிச்சம் போட்டு விற்ற நிகழ்ச்சி அது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அம்ருதா டி.வி.யில் இதே மாதிரி ஓடிய 'கதையல்லிது ஜீவிதம்' நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லைக்காரர்கள். தீர்ப்பு சொல்ல இரண்டு மொழியிலும் ஆள் வைத்திருந்தார்கள்.

2023 பிப்ரவரியில் நடந்ததற்கு யாரிடம் நியாயம் கேட்பது? புதிய கட்டண விகிதத்துக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு டிஸ்னி ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் சிக்னலை நிறுத்தின. நாடு முழுக்க சுமார் 4.5 கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. கட்டண உத்தரவை எதிர்த்து அந்தக் கூட்டமைப்பு வழக்குப் போட்டிருந்ததும் கேரள உயர் நீதிமன்றத்தில்தான். ஏசியாநெட்டும் விஜய் டி.வி.யும் அப்போது டிஸ்னி ஸ்டார் என்ற ஒரே முதலாளியின் சேனல்கள். எனவே இணைப்பு அறுந்த எல்லை வீடு ஒன்றில் மலையாளச் சீரியலும் தமிழ்ச் சீரியலும் சேர்ந்தே இருண்டிருக்கும். சில நாள்களில் சமரசமாகித் திரும்பின. சீரியல்களை யாரும் நிறுத்தவில்லை, அவை எங்கோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. காசுத் தகராறு தீரும்வரை கடையை மூடினார்கள், வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம் எதுவும் சொல்லவில்லை.

பார்வையாளர் கேட்டால் நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 1988இல் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' பட்டாபிஷேகத்தோடு முடிகிறது என்றானபோது, ஜலந்தரிலும் வேறு சில வட இந்திய நகரங்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வால்மீகி சமூகத்தவர். தாங்கள் வணங்கும் வால்மீகி முனிவர் முக்கியமாக வருகிற லவ-குசர் பகுதியையும் காட்டியாக வேண்டும் என்றார்கள். தெருவில் குப்பை குவிந்ததும் அரசு இறங்கிவந்தது, உத்தர ராமாயணமும் வந்தது. 2007இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 'ஜெரிக்கோ' தொடரை நிறுத்தியபோது, ரசிகர்கள் டன் கணக்கில் கடலை வாங்கி அதன் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இன்னும் ஏழு எபிசோடுகள் கிடைத்தன.

பாறசாலை மாமியிடம் அப்படிப்பட்ட ஆயுதம் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவள் கணக்கிலேயே ஒழுங்காக வருவதில்லை. எந்தத் தொடர் எத்தனை பேரால் பார்க்கப்படுகிறது என்பதை 'பார்க்' என்ற அமைப்பு நாடெங்கும் பல்லாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்துக் கணக்கிடுகிறது. வாரந்தோறும் அது வெளியிடுகிற தமிழ்ப் பட்டியல் தமிழ்நாடு–புதுச்சேரிச் சந்தைக்கானது, மலையாளப் பட்டியல் கேரளத்துக்கானது. பாறசாலையில் ஒருத்தி சன் டி.வி. பார்த்தால் தமிழ்ப் பட்டியலில் அவளுக்கு இடமில்லை. களியக்காவிளையில் ஒருவர் ஃபிளவர்ஸ் பார்த்தால் மலையாளப் பட்டியலில் அவருக்கும் இடமில்லை. இரண்டு மொழியையும் வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பாதி நேரம் யாருக்கும் தெரியாமலே பார்க்கிறார்கள். தமிழ்ச் சீரியல் ஒன்றின் ஆயுளைச் சென்னையில் தீர்மானிக்கும்போது, நெய்யாற்றின்கரையின் அழுகை அந்த மேசைக்கு வந்து சேராது.

விதிகளும் சேனலுக்குத்தான் இருக்கின்றன, நிகழ்ச்சிக்கு இல்லை. ஒரு சேனலைக் கேபிள் வரிசையிலிருந்து எடுக்க மூன்று வாரம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது டிராயின் 2017 ஒழுங்குமுறை. ஒளிபரப்பான காட்சி ஆபாசம் என்றால் புகார் சொல்ல 2011 முதல் ஒரு கவுன்சில் உண்டு. ஐந்து வருடம் தினமும் வந்த குடும்பம் ஏன் வரவில்லை என்று கேட்க எந்த விலாசமும் கிடையாது. முடிவு எழுதித்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. திரையின் அடியில் ஒரு வாரம் ஒரு வரி ஓடவிடுவதற்கு என்ன செலவாகிவிடும்? வேட்டியும் நகையும் விற்க அந்த இடம் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

2022இல் ஜீ கேரளம் சேனலில் 'எரிவும் புளியும்' வந்தது. அதே பாலு, அதே நீலு, அதே பிள்ளைகள், ஆனால் வேறு பெயர்கள், வேறு குடும்பம். மாமிக்கு அது ஏறவே இல்லை. "பேரு மாத்தினா ஆளு மாறிருவாளா?" என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பழைய எபிசோடுகளுக்கே போய்விட்டாள், பேரன் யூடியூபில் போட்டுக் கொடுத்தான். 2022 ஜூன் 13 அன்று ஃபிளவர்ஸிலேயே 'உப்பும் முளகும்' இரண்டாவது வரத்து வந்தது. லச்சுவும் திரும்பினாள். பிள்ளைகள் ஓங்கி வளர்ந்திருந்தார்கள். நடுவில் ஒன்றரை வருடம் போனதைப் பற்றிக் கேட்காமலே மாமி அவர்களை ஏற்றுக்கொண்டாள், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளையிடம் கணக்குக் கேட்பாளா யாராவது?

2023இல் முடியன் கதையிலிருந்து மறைந்தான். நடித்த ரிஷி எஸ். குமார் தானே ஊடகங்களிடம் வந்து தன் தரப்பைச் சொன்னார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் மாமிக்கு அக்கறை இல்லை. அவளுக்கு முடியன் மேல்தான் கோபம். "எங்க வேணா போட்டும். பெத்த தள்ளைக்கு ஒரு போன் போடக் கூடாதா அவனுக்கு?"