பல் மருத்துவம் இரண்டாந்தரத் தெரிவா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும், கல்லூரியை விட்டு வெளியேறிய பிள்ளைகளுள்ள கொலன்னாவை வீடுகளில் வழமையான விவாதமொன்று தொடங்கிவிடுகின்றது. மருத்துவபீட வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. பல் மருத்துவத்துக்குச் செல்வதா, மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவதா?

பல்கலைக்கழக அனுமதிக்குத் தோற்றக் கிடைப்பது மூன்று வாய்ப்புகளே. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் பகிரப்படுவதால், எமது மாணவர் போட்டி மிகுந்த கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே போராட வேண்டியுள்ளது. நீண்டகாலம் பேராதனையில் மட்டுமே இயங்கிய பல் மருத்துவபீடம் இன்று ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் உண்டு.

பல் வைத்தியர் பல் பிடுங்குபவர் மட்டுமே என்ற எண்ணமே தயக்கத்துக்குக் காரணமென நாம் கருதுகின்றோம். (திருமணப் பேச்சுகளில் 'டொக்டர்' என்ற சொல்லுக்குள்ள மவுசையும் மறுப்பதற்கில்லை.) இலங்கை ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். புகையிலை சேர்ந்த வெற்றிலை அதற்குப் பிரதான காரணி. வாயில் தோன்றும் வெண்படலத்தை ஆரம்பத்திலேயே இனங்காணும் வாய்ப்பு பல் வைத்தியருக்கே அதிகம்.

எனினும், நுணுக்கமான கைவேலையில் ஈடுபாடற்றோருக்கு நாள் முழுவதும் கழுத்தை வளைத்துச் செய்யும் இத்தொழில் பெருஞ்சுமையாகிவிடும். தனியாகச் சிகிச்சை நிலையம் அமைப்பதும் செலவு மிக்கது. விண்ணப்பத்தை நிரப்புமுன், கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவை ஒரு காலைப்பொழுதேனும் பெற்றோரும் பிள்ளையும் சென்று பார்த்துவரலாம். கொலன்னாவையிலிருந்து அது அதிக தூரமில்லை.