சூரிய மின்தகடுகளின் மணிவாரி மின்னாக்கக் கணிப்பு

சூரிய மின்தகடுகளின் மணிவாரி மின்னாக்கக் கணிப்பு என்பது, வெவ்வேறு திசைகளை நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்ட தகடுகள் நாளின் ஒவ்வொரு மணியிலும் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் முறையாகும். இங்கு சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

சூரியனின் நிலை

இப்பகுதி ஏறத்தாழ 13.1° வட அகலாங்கிலும் 80.1° கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. இந்திய சீர்நேரம் 82.5° நெட்டாங்கைச் சார்ந்தது. ஆகவே இங்கு உச்சிப்பொழுது, கடிகாரம் 12 மணி காட்டியபின் சராசரியாக 10 நிமிடம் பிந்தியே நிகழ்கிறது. பெப்ரவரி நடுவில் அது 12.24 வரை பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 11.53 அளவுக்கு முந்தும். மணிவாரிக் கணக்கில் இதனை விட்டுவிட்டால் காலை, மாலை மதிப்புகள் பிழைபடும்.

ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகத்து மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். எனவே தகடுகள் தெற்கு நோக்கியே இருக்கவேண்டும் என்னும் பரவலான அறிவுரை இங்கு ஓரளவுக்கே பொருந்தும். 13° சாய்ந்த தகட்டின்மேல் சூன் 21 நண்பகலில் விழும் நேர்க்கதிரின் பங்கு வடக்கு நோக்கினால் ஏறக்குறைய 100%, தெற்கு நோக்கினால் 92% ஆகும். திசம்பர் 21 அன்று தெற்கு 92%, வடக்கு 65%. குளிர்கால இழப்பே வடதிசையின் உண்மையான குறை.

கணக்கிடும் முறை

நேர்க்கதிரின் செறிவை, கதிருக்கும் தகட்டின் செங்குத்துக் கோட்டிற்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனால் பெருக்கவேண்டும். இதனுடன் வானத்தின் பரவல் ஒளியும் தரையிலிருந்து தெறிக்கும் ஒளியும் கூட்டப்படும். சம இரவு நாளில், சூரிய நேரம் காலை 8 மணிக்கு, 13° சாய்ந்த தகடுகளுக்கு இக்கோசைன் மதிப்பு கிழக்கில் 0.67, தெற்கில் 0.50, மேற்கில் 0.28 ஆகும். மாலை 4 மணிக்குக் கிழக்கும் மேற்கும் இடம் மாறும். நண்பகலிலோ தெற்கு 1.00, மற்ற இரண்டும் 0.95. தகடுகளைக் கிழக்கு, மேற்கு எனப் பிரித்து வைத்தால் நண்பகல் உச்சம் சற்றுத் தாழும், ஆனால் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. காலையில் மின்தேவை மிகுந்த பட்டறைக்குக் கிழக்குச் சாய்வு ஏற்றது.

படிகச் சிலிக்கான் தகடுகளின் திறன் 25 °செ-க்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4% குறைகிறது. கோடை நண்பகலில் தகடு 60 °செ-ஐ எட்டினால் இழப்பு 14% ஆகும்.

வானிலையும் நிழலும்

வானியல் கணக்கின்படி முற்பகலும் பிற்பகலும் சமச்சீரானவை. வானிலை அப்படியன்று. சூன் முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் பிற்பகலிலும் மாலையிலும் இடிமேகம் திரள்வது வழக்கம். அந்நாட்களில் மேற்கு நோக்கிய தகடே அதிகம் இழக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது வானம் மூடியிருந்தால் பரவல் ஒளியே மிஞ்சும்; அப்போது திசை வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, அடுத்த வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழலைத் தனியே கணக்கிடவேண்டும். திசைத் தவறைவிட இந்நிழல் தரும் இழப்பு பெரிதாகக்கூடும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் முழுத் தொடரின் மின்னாக்கமும் பாதிக்கப்படலாம்.