கழுத்துக்குள் நான்கு அரிசிமணிகள்

ஃப்ளூரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கலங்கல் இல்லை, வாடை இல்லை, நாக்குக்கும் தெரியாது. தருமபுரி மாவட்டத்தில் அதைக் காட்டிக்கொடுத்தவை பிள்ளைகளின் பற்கள்தான். பால்பல் விழுந்து முளைக்கும் முன்பற்களில் முதலில் சுண்ணாம்புத் திட்டுகள் தோன்றும், பிறகு அவை மஞ்சளாகும், பழுப்புப் பட்டையாகும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. பல் வெளியே வருமுன்பே, எனாமல் உருவாகும்போதே உள்ளே ஏற்பட்ட பழுது அது.

பல்லில் கறை என்றால் வெட்கம்தான் மிச்சம். எலும்பில் சேர்ந்தால் கதை வேறு. முதுகெலும்பு விறைத்துப்போகும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு முட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கும். இதையெல்லாம் தண்ணீர்ப் பிரச்சினை என்றே பேசிப் பழகியிருக்கிறோம். தண்ணீர் தொடக்கம் மட்டுமே. கால்களை வளைப்பதில் ஒரு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கண்டறிந்த ஆராய்ச்சியில் நம் நாட்டு ஆய்வாளர்களின் கை பெரிது. ஆனாலும் அதைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை.

முதலில் பாறை. இந்த மாவட்டத்தின் அடியில் கிடப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைக் கடும்பாறைகள். அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளூரைடு உண்டு. மழை குறைந்த நிலத்தில் தண்ணீர் பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கி, காரத்தன்மை ஏறி, தன்னிடமிருந்த கால்சியத்தைச் சுண்ணாம்பாக இழந்துவிடும். பிடித்து வைக்கக் கால்சியம் இல்லாத தண்ணீரில் ஃப்ளூரைடு தாராளமாகக் கரையும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5. ஆழ்துளைக் கிணறுகளில் எத்தனையோ இந்த அளவைத் தாண்டின.

ஃப்ளூரோசிஸ் என்னும் இந்த நோய் இந்தியாவில் இருக்கிறது என்று மருத்துவ உலகுக்கு 1937-ல் சொன்னவர்கள் சென்னை ஆய்வாளர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்து ஊர்களை ஆராய்ந்து, விறைத்த முதுகுகளுக்குக் காரணம் கிணற்று நீர் என்று எழுதினார்கள்.

புதிர் பின்னால் வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973-ல் 'லான்செட்' இதழில் ஆந்திரத்து இளம் பிள்ளைகளின் முட்டி வளைவைப் பற்றி எழுதினார்கள். ஃப்ளூரைடு எலும்பைக் கெட்டியாக்கும் என்பது பாடம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு அப்படித்தான் வெள்ளை வெளேரென்று இருந்தது. கை கால் எலும்புகளோ பொரிந்து, மெலிந்து கிடந்தன. ஒரே உடம்பில் ஓரிடத்தில் கூடுதல், இன்னோரிடத்தில் கொள்ளை. யார் எடுத்தது?

சந்தேகம் கழுத்தின் மீது விழுந்தது. தைராய்டு சுரப்பியின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயர் பாராதைராய்டு. இவை முதலில் கண்ணில் பட்டதற்குக் காரணம் ஒரு இந்தியக் காண்டாமிருகம். 1849-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் அது இறந்தபோது அறுத்துப் பார்த்தவர் ரிச்சர்ட் ஓவன். பெரிய மிருகம், பெரிய சுரப்பி, தப்பவில்லை. மனிதரிடம் இவை இருப்பதை ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-ல் விவரித்தார்.

இவற்றின் வேலை ரத்தத்தில் கால்சியத்தை ஒரே மட்டத்தில் வைத்திருப்பது: டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம். அது சற்று இறங்கினாலும் தசை இழுக்கும், நரம்பு தடுமாறும். மட்டம் குறைந்ததும் சுரப்பிகள் ஹார்மோனை விடும். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்கு அனுப்பும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது, பஞ்சமே வரக்கூடாது. ஃப்ளூரைடு நுழைந்த எலும்பில் மட்டும் கணக்கு தப்புகிறது. எலும்புப் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் படிகம் எளிதில் கரையாது. போதாக்குறைக்குப் புது எலும்பு கட்டும் செல்களைத் தூண்டி, இருக்கிற கால்சியத்தையும் உள்ளே இழுக்கிறது. குதிர் நிறைய தானியம், ஆனால் வாயைப் பூசி மெழுகியாயிற்று. சாப்பாட்டிலும் கால்சியம் வராவிட்டால் சுரப்பிகள் மேலும் மேலும் ஹார்மோனை ஊற்றும். அது முக்கியமாகக் கரைப்பது நீண்ட எலும்புகளின் கெட்டிப் புறச்சுவரை. பிள்ளைகளின் கால்கள் உடல் பாரத்தில் வளைவது அங்கேதான்.

அழகான விளக்கம். நிரூபிக்க ஹார்மோனை அளக்க வேண்டுமே? ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அது இருப்பது பிகோகிராம் கணக்கில். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு. அதை அளக்கும் வழியை நியூயார்க்கில் பெர்சனும் ரோசலின் யாலோவும் உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்புரத முறை தந்தது. 1963-ல் பாராதைராய்டு ஹார்மோனுக்கும் அது வந்தது. யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1976-ல், சிவக்குமாரும் கிருஷ்ணமாச்சாரியும் முட்டி வளைந்தவர்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோனை அளந்து ஜெர்மனியிலிருந்து வரும் 'ஹார்மோன் அண்ட் மெட்டபாலிக் ரிசர்ச்' இதழில் வெளியிட்டார்கள். வடக்கே மீரட்டில் தியோத்தியா தம்பதியர் 1973-ல் ஆராய்ந்த 20 எலும்பு ஃப்ளூரோசிஸ் நோயாளிகளில் 5 பேரிடம் பாராதைராய்டு மிகையாக வேலை செய்வது தெளிவாகத் தெரிந்தது. ஐந்து பேர்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே விஷம், ஆனால் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்து உடம்பு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கிறது.

அங்கேதான் தருமபுரிக்கான சேதி இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் உருவாகி 2013-ல் தொடங்கப்பட்டது. பாறை நீருக்குப் பதில் காவிரி நீர்; இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய பொதுச் சுகாதாரக் காரியம் இதுதான் என்பேன். ஆனால் குழாய் ஒரு பாதியைத்தான் சரிசெய்யும். மறுபாதி கால்சியம். குடலிலேயே ஃப்ளூரைடைப் பிடித்து வெளியேற்றக்கூடியதும், சுரப்பிகளைச் சும்மா இருக்க விடுவதும் அதுதான். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்துக்குப் பக்கம். களியை இறக்கிவிட்டு ரேஷன் அரிசியை ஏற்றிய சமையலறை, தெரியாமலே அந்தக் காவலை விலக்கிக்கொண்டது. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்க அரசு தொடங்கியதைச் சிறுதானிய மோகம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எலும்பின் பக்கம் நின்று பார்த்தால் அது நல்ல முடிவு. (புளி தின்றால் சிறுநீரில் ஃப்ளூரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2002-ல் எழுதினார்கள். மிகச் சிறிய ஆய்வு. புளிச்சட்டியோடு யாரும் வைத்தியத்துக்குக் கிளம்ப வேண்டாம்.)

நல்ல தண்ணீருக்கு மாறியதும் எலும்பில் ஏறியது இறங்கிவிடாது. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதனால் பழைய கிணற்று நீரில் வளர்ந்தவர்களிடம் இன்னொரு பொறி காத்திருக்கிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அவர்களுக்கு 'அபாரம்' என்று சொல்லக்கூடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எலும்புத் தேய்மானமுள்ள 202 பெண்களுக்கு நடந்த சோதனையில் ஒரு பாதிப் பேருக்கு நான்கு ஆண்டுகள் சோடியம் ஃப்ளூரைடையே மருந்தாகக் கொடுத்தார்கள். 1990-ல் முடிவு வந்தது. மருந்து உண்டவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ சுமார் மூன்று மடங்கானது. அடர்த்தி வேறு, உறுதி வேறு. பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ முதுகுவலியோடு வரும் அறுபது வயதுக்காரரின் ஸ்கேனைக் கையில் வாங்கும் மருத்துவர், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று கேட்டுவிட்டு, ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கச் சீட்டு எழுத வேண்டும்.