ரக்பி ஆட்டமும் ஆட்டக்காரர் பிழைப்பும்

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் ரக்பி. அணிக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவினது. முன்னே நிற்கும் தோழனுக்குக் கையால் எறிதல் ஆகாது. பின்னோக்கியோ பக்கவாட்டிலோதான் எறிய வேண்டும். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் ஐந்து புள்ளிகள். இன்று பலருக்கு இவ்வாட்டமே பிழைப்பு. ஆனால், இதனை ஆடிப் பணம் பெறுவது நூறாண்டுக் காலம் தடை செய்யப்பட்டிருந்தது. அதன் காரணம் அறியத்தக்கது.

வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் சனிக்கிழமையும் வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பெரட்டுக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இழந்த கூலியையேனும் ஈடு செய்ய வேண்டுமென வடபகுதிக் கழகங்கள் கேட்டன; வசதி படைத்தோர் நடத்திய சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்பீல்டு நகரில் கூடி அக்கழகங்கள் பிரிந்தன. அப்பிரிவே பின்னர்ப் பதின்மூவர் ஆடும் ரக்பி லீக் ஆயிற்று. பழைய சங்கத்தாரின் ஆட்டம் ரக்பி யூனியன் எனப்படும்.

யூனியன் ஆட்டக்காரர் வேறு தொழில் செய்தே வாழ்ந்தனர். வேல்ஸ் நாட்டின் புகழ்பெற்ற வீரர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எலும்பு அறுவை மருத்துவர். அவருடன் ஆடிய கேரத் எட்வர்ட்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஏழை வீட்டுப் பிள்ளை பணம் தேடி லீக் ஆட்டத்துக்குச் சென்றால், யூனியனுக்குத் திரும்ப அவனுக்கு வழியில்லை.

மலாயாவில் இவ்வாட்டத்தை வளர்த்தோர் ஆங்கில அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் ஆவர். நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் நாடுகளின் செலவில் கட்டப்பட்ட ‘மலாயா’ போர்க்கப்பல் 1921-ல் இங்கு வந்தது. அக்கப்பலார் கால்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கோப்பைகள் வழங்கினர். கப்பலுக்குப் பணம் தந்த அரசுகளின் வருவாய்க்கு ஈயமும் ரப்பரும் துணை. பால் வெட்டிய தமிழரின் உழைப்பும் அதில் அடங்கும். பின்னர், கோலகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற விடுதிப் பள்ளிகளில் ரக்பி வேரூன்றியது. மம்பாவ் போன்ற தோட்டப்புறங்களிலோ தமிழ்ப் பிள்ளைகள் பெரிதும் அறிந்தது கால்பந்தே.

1995 ஆகஸ்டில் அனைத்துலக ரக்பி மன்றம் ஊதியத் தடையை நீக்கியது. அதன்பின் வறியோர்க்கும் வழி பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் சியா கொலிசி 1991-ல் பிறந்து, கறுப்பர் வாழும் ஸ்வீடே குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். அவரது ஆட்டத்தைக் கண்டு உபகாரச் சம்பளம் தந்து நல்ல பள்ளியொன்று ஏற்றுக்கொண்டது. 2018-ல் நாட்டு அணியின் தலைவரான அவர், 2019-லும் 2023-லும் உலகக் கோப்பையை ஏந்தினார். இந்தியாவிலும் 2025 ஜூனில் எழுவர் ஆடும் ரக்பி பிரிமியர் லீக் முதன்முறையாக நடந்தது; இந்தியரும் அயல்நாட்டாரும் கலந்து ஆடிய சென்னை புல்ஸ் அணி அதில் வாகை சூடியது.

ஆயினும் இத்தொழிலின் ஆயுள் குறுகியது. முப்பத்தைந்து வயதுக்குமேல் ஆடுவோர் சிலரே. மோதலால் வரும் தீங்கும் பெரிது. 2003-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன், அவ்வெற்றியே தமக்கு நினைவில்லை என 2020-ல் தெரிவித்தார். நாற்பத்திரண்டு வயதில் மறதி நோய் அவரைப் பற்றியிருந்தது.

இவற்றால் விளங்குவன இரண்டு. தடை நீங்கியதனால் மட்டும் கொலிசி உயரவில்லை. பள்ளி ஒன்று அவரைத் தேடி எடுத்தது. தேடுவார் இல்லாத இடத்தில் திறமை வெளிப்படுவதில்லை. அடுத்து, வில்லியம்ஸுக்கு ஆட்டம் முடிந்தபின்னும் மருத்துவம் இருந்தது. இன்றைய வீரனுக்கும் அத்தகைய கைத்தொழிலோ கல்வியோ வேண்டும். பிள்ளை திடலுக்குப் போவதைப் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. அவன் புத்தகத்தையும் கைவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.